எஸ்யூவி-யை விட்டு டீசல் வேகனுக்கு மாறலாமா?

கேள்வி: எங்களிடம் இருப்பது 3.5 லிட்டர் பெட்ரோல் வி6 எஸ்யூவி, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. திரையில் லிட்டருக்கு 8 கி.மீ. என்று காட்டுகிறது, பெட்ரோல் போடும்போது அப்படித் தெரியவில்லை. வார நாட்களில் பள்ளி, அலுவலகம் என்று 4 கி.மீ. தூரம் போய்த் திரும்புவோம், நாளுக்கு இரண்டு தடவை. வாராவாரம் பெற்றோரைப் பார்க்க நெடுஞ்சாலையில் 140 கி.மீ. போய், அதே 140 கி.மீ. திரும்புகிறோம். வருடத்தில் இரண்டு மூன்று முறை 1,200 கிலோ டிரெய்லர் இழுக்க வேண்டியிருக்கும். ஆறு வருடம் ஆன, 1,20,000 கி.மீ. ஓடிய 2 லிட்டர் டீசல் வேகன் (டிக்கி பின்னால் நீண்ட கார்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். மேனுவல் கியர். வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எஸ்யூவி-யின் உயரத்தை விட மனைவிக்குத் தயக்கம்.

பதில்: வாங்கலாம். வாராவாரம் நீங்கள் ஓட்டும் அந்த 280 கி.மீ. இருப்பதால்தான் இப்படிச் சொல்ல முடிகிறது. வார நாள் ஓட்டம் மட்டும்தான் என்றால், டீசலே வேண்டாம், பெட்ரோல் ஹைப்ரிட் பாருங்கள் என்று இதே இடத்தில் பதிலை முடித்திருப்பேன். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய டீசல் வண்டியை வாங்குவதுதான் பலருக்குப் பெரிய செலவாக முடிகிறது.

முதலில், இப்போதைய வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். திரையில் வரும் கணக்கு வழக்கமாகக் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்கை நிரப்பி, குழாய் தானாக முதல் தடவை நின்றதும் நிறுத்திவிட்டு டிரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். அடுத்த முறை அதே பம்ப்பில் அதே போல நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால்தான் நம்பலாம். உங்களுக்கு 7.5 வரும் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் பயணங்கள் மாதத்துக்கு ஏறக்குறைய 1,500 கி.மீ. ஆகின்றன. அதற்கு 200 லிட்டர் பெட்ரோல். நல்ல நிலையில் உள்ள 2 லிட்டர் டீசல் வேகன் இந்த ஓட்டத்துக்கு லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்தால் 83 லிட்டர் போதும். மாதம் 117 லிட்டர் மிச்சம், வருடத்துக்கு 1,400 லிட்டர்.

மைலேஜ் எண்ணை மட்டும் பார்த்தால் மனக்கணக்கு தவறிப்போகும். அதே 1,500 கி.மீ.-க்கு 7.5-இலிருந்து 10-க்கு ஏறினால் 50 லிட்டர் மிச்சம். 18-இலிருந்து 25-க்கு ஏறினாலும் 23 லிட்டர்தான். ஆகவே 16 கொடுக்கும் வேகனுக்கும் 19 கொடுக்கும் வேகனுக்கும் இடையே மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். மாதத்துக்கு 15 லிட்டர் வித்தியாசம். அந்த இடத்தில் பராமரிப்பு நன்றாக இருந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பதே லாபம்.

இந்த மிச்சம் முழுவதும் டீசலால் வருவது என்று நினைக்க வேண்டாம். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலை விடப் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுதல் சக்தி இருக்கிறது. டீசல் இன்ஜினில் அழுத்த விகிதம் அதிகம். பெட்ரோல் இன்ஜின் போலக் காற்றின் வழியை அடைத்து அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. அதனால் பாதி மிதியில் ஓடும்போது வீணாவது குறைவு. ஆனால் நெடுஞ்சாலையில் பெரும்பங்கு உடலமைப்புக்குத்தான். உங்கள் எஸ்யூவி-க்கு முன்பக்கப் பரப்பு 2.8 சதுர மீட்டர், காற்றிழுவைக் குணகம் 0.37 என்றும், வேகனுக்கு 2.2 சதுர மீட்டர், 0.29 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கி.மீ.-இல் காற்றைக் கிழிக்க மட்டும் எஸ்யூவி-க்கு ஏறத்தாழ 13 கிலோவாட் வேண்டும்; வேகனுக்கு 8 போதும். எடையில் ஐந்நூறு அறுநூறு கிலோ குறைவதும் சேர்ந்துகொள்ளும். இந்த லாபத்தை நீங்களே கெடுத்துவிடவும் முடியும். கூரையில் கேரியர் கம்பியை வருடம் முழுக்க வெறுமனே விட்டு வைப்பதும், 100-இல் போகிற இடத்தில் 120-இல் போவதும் அதைத்தான் செய்யும். 120-இல் காற்றின் எதிர்ப்பு 44 விழுக்காடு கூடுகிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டீசல் இன்ஜின் என்றால் லட்சக்கணக்கில் ஓடும், கெட்டுப்போகாது என்ற பேச்சு பழைய டீசலுக்குப் பொருந்தும். இன்றைய டீசலிலும் இன்ஜின் பிளாக் அப்படி ஓடத்தான் செய்யும். அதைச் சுற்றி இருக்கும் டிபிஎஃப், ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுவது), இன்ஜெக்டர் (டீசலைத் தெளிப்பது), டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது), இரட்டை எடை ஃப்ளைவீல் (கிளட்சுக்கு முன்னால் இன்ஜினின் அதிர்வைத் தாங்குவது) இவைதான் செலவு வைப்பவை. இவற்றில் டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டிதான் உங்கள் ஓட்டும் பழக்கத்தை நேரடியாகச் சார்ந்தது.

அது சைலன்சர் வழியில் உட்கார்ந்து கரியைப் பிடித்து வைக்கிறது. நிறைந்ததும் அதை எரித்துத் தீர்க்க வேண்டும்; அதற்கு உள்ளே 550 முதல் 600 டிகிரி வரை சூடு தேவை. சாதாரண ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. அதனால் கம்ப்யூட்டர் சில நூறு கி.மீ.-க்கு ஒரு தடவை, பவர் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்து, அதைப் புகைவழியில் எரித்துச் சூடேற்றுகிறது. இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். பத்து முதல் இருபது நிமிடம் பிடிக்கும். நடுவில் வண்டியை நிறுத்திவிட்டால் வேலை பாதியில் நின்றுபோகும். அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்கும். 4 கி.மீ. ஓட்டத்தில் இன்ஜினே முழுதாகச் சூடாகியிருக்காது.

பாதியில் நின்ற ஒவ்வொரு ரீஜெனரேஷனிலும், எரியாமல் போன டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு ஏறும். குறைந்தால்தான் கவலை என்று பழகிய நமக்கு இது கண்ணில் படாது. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நின்று, டீசல் வாடையும் அடித்தால் அன்றே மாற்றுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும். அளவு மிகவும் ஏறினால் இன்ஜின் தன் ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயம் உண்டு. மேனுவல் வண்டியில் அப்படி ஆனால் நின்ற இடத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டு, மேல் கியர் போட்டு, கிளட்சை விட்டு அடக்க வேண்டும்.

உங்கள் வார நாள் ஓட்டம் கரியைச் சேர்க்கும். வாரக்கடைசி ஓட்டம் அதை எரித்துத் தீர்க்கும். 140 கி.மீ. நெடுஞ்சாலை, அதுவும் வாராவாரம் என்பது இந்த வடிகட்டிக்கு நல்ல தீனி. ஆனாலும் சில சமயம் செவ்வாய்க்கிழமைக் காலையில் ரீஜெனரேஷன் தொடங்கிவிடும். அதை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள்: நின்றிருக்கையில் ஐடிலிங் 800-இலிருந்து 1,000 பக்கம் ஏறியிருக்கும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, அப்போதைய மைலேஜ் திடீரென்று இறங்கும், இன்ஜினை அணைத்ததும் ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் சுற்றும், சூடான வாடை வரும். கண்டால், வீட்டுக்குத் திரும்பாமல் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு கியர் குறைவாக, 2,000 ஆர்பிஎம் சுற்றிலேயே வைத்து ஓட்டிவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில் காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. அடியில் இருக்கும் சூட்டில் பற்றிக்கொள்ளும். பெற்றோர் வீட்டுக்குப் போவது மூன்று வாரம் தள்ளிப்போனால், வேறு வேலையாவது வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வண்டியை நல்ல சாலையில் ஓட்டுங்கள்.

கரி எரிந்தாலும் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அது மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் கி.மீ.-க்குள் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியோ மாற்ற வேண்டியோ வரும். இதைத் தள்ளிப்போடும் வழி, சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றுவதுதான்: டப்பாவில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்ற வகைக் குறியும், உங்கள் வண்டி நிறுவனத்தின் ஒப்புதல் எண்ணும் இருக்க வேண்டும். பழைய டீசல் லாரிக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் பாதியிலேயே முடியும். புத்தகத்தில் 30,000 கி.மீ. வரை ஆயில் தாங்கும் என்று போட்டிருக்கலாம். உங்கள் ஓட்டத்துக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. செலவாவது ஐந்து லிட்டர் பக்கம் ஆயிலும் ஒரு ஃபில்டரும்தான்.

வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு சாஃப்ட்வேரில் மறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அதைவிட, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் வண்டி நிற்பது பள்ளி வாசலில்.

வாங்கப்போகும் வண்டியில் இந்த வடிகட்டி இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று அறிய எளிய சோதனை உண்டு. சைலன்சர் குழாயின் முனையில் உள்பக்கம் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வடிகட்டி நன்றாக இருந்தால் விரலில் அதிகம் ஒட்டாது. கன்னங்கரேலென்று கரி அப்பினால் அது உடைந்திருக்கிறது அல்லது எடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டுமே வேண்டாம்.

பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம், நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் டீசலின் குறைகள் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப்புகை லேசாக வந்து மறைந்தால் பரவாயில்லை. டீசல் வாடையோடு நீடித்தால் க்ளோ பிளக் (குளிர்ந்த இன்ஜினுக்குள் சூடேற்றுவது) அல்லது இன்ஜெக்டர். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. நல்ல டிபிஎஃப் உள்ள வண்டியில் கரும்புகை வரவே கூடாது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அதன் வாயிலேயே தளர்வாக வையுங்கள். கொஞ்சம் ஆடும், புகை குபுகுபுவென வந்து மூடி துள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்.

ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போகும் செலவு வீண் இல்லை. பழுதுக் குறியீடுகளை மட்டும் பார்த்தால் போதாது. விற்கும் முன் யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம். நேரடி அளவுகளைப் படிக்கச் சொல்லுங்கள்: கடைசி ரீஜெனரேஷனுக்குப் பின் ஓடிய தூரம், சேர்ந்திருக்கும் கரியும் சாம்பலும், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம். சாவி போட்டு இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது அந்த வித்தியாசம் சுழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்சாரே பொய் சொல்கிறது, மற்ற எண்களையும் நம்ப முடியாது. ரீஜெனரேஷன் 100, 150 கி.மீ.-க்கு ஒரு தடவை நடந்துகொண்டிருந்தால் எங்கோ கோளாறு: இன்ஜெக்டர் ஒழுகுகிறது, ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது டர்போ குழாயில் கிழிசல். அடைத்துக்கொண்டது டிபிஎஃப் ஆனாலும் நோய் வேறு இடத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புது வடிகட்டி போட்டால் அதுவும் சீக்கிரமே அடைத்துவிடும்.

இன்ஜெக்டர்களின் திருத்த அளவையும் (ஒவ்வொன்றின் தெளிப்பையும் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை) சூடான ஐடிலிங்கில் பாருங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி, சுழிக்குக் கிட்டே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால், ரிட்டர்ன் குழாய்களில் நான்கு சிறு பாட்டில்களை மாட்டி, எது அதிகம் திருப்பித் தள்ளுகிறது என்று அளந்து பார்க்கலாம். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 முதல் 2,500 பார் வரை போகிறது. உள்ளே இருக்கும் இடைவெளிகள் மைக்ரான் கணக்கு. தண்ணீரோ தூசியோ கலந்த டீசல் அதைக் கெடுத்துவிடும். டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்பதை அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். பதில் இல்லையென்றால் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

மேனுவல் கியர் என்பதால் இரட்டை எடை ஃப்ளைவீலைக் கவனியுங்கள். நியூட்ரலில் ஐடிலிங்கில் கிளட்சை மெதுவாக மிதித்து விடுங்கள், இன்ஜினை அணையுங்கள். அணையும்போது கடகடவென்று உலோகம் அடித்துக்கொள்ளும் சத்தம் வந்தால் அது போய்க்கொண்டிருக்கிறது. கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்தது. இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. கியர்பாக்ஸை ஒரு தடவை இறக்கினால் போதும்.

டைமிங் பெல்ட் விஷயத்தில் பேரமே கிடையாது. 1,20,000 கி.மீ., ஆறு வருடம் என்பது பல இன்ஜின்களில் மாற்ற வேண்டிய நேரம். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், இன்ஜின் போய்விடும். மாற்றியதற்கு பில் இருந்தால் மட்டும் நம்புங்கள். டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும். செயின் இருக்கிறது, கவலை இல்லை என்று சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் தேய்மானத்துக்குப் பேர்போன செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்றுவது பெரிய வேலை.

யூரோ 6 எனும் ஐரோப்பியப் புகை விதிப்படி வந்த டீசலாக இருந்தால் பெரும்பாலும் புகையின் நச்சைக் குறைக்கும் யூரியா டேங்கும் இருக்கும், நீல மூடி. அதில் ஊற்றுவது 32.5 விழுக்காடு யூரியாக் கரைசல். ஆயிரம் கி.மீ.-க்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் செலவாகும். தீர்ந்துபோனால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது; முன்கூட்டியே எச்சரிக்கும், அலட்சியம் செய்யாதீர்கள். வெயிலில் வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம்: 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கும் கரைசல் 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். அதைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் தொடாதீர்கள். பழக்கத்தில் பெட்ரோல் குழாயை எடுத்துவிட்டாலும் அதேதான். உயர் அழுத்த பம்ப்புக்கு டீசல்தான் மசகு; பெட்ரோல் போனால் பம்ப் தேய்ந்து, உலோகத்தூள் இன்ஜெக்டர் வரை பரவும். ஸ்டார்ட் செய்யாமல் டேங்கைக் காலி செய்தால் ஒரு நாள் வேலை. ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டேங்க் வரை எல்லாம் போகலாம். முதல் மாதம் மூடியின் உள்பக்கம் பெரிய எழுத்தில் டீசல் என்று எழுதி ஒட்டி வையுங்கள். பல வருடம் பெட்ரோல் போட்ட கை அது.

ஓட்டும் முறையும் கொஞ்சம் மாற வேண்டும். வி6-ஐப் போல முள்ளைத் தூக்கி ஓட்ட வேண்டியதில்லை. டீசலின் பலம் 1,500-இலிருந்து 2,500-க்குள் இருக்கிறது. அதற்காக 1,200-க்குக் கீழே உயர்ந்த கியரில் உறுமவிடாதீர்கள். மைலேஜ் ஏறுவது போலத் தெரியும், அடி முழுவதும் ஃப்ளைவீல் வாங்கும்.

முதல் மூன்று மாத எரிபொருள் மிச்சத்தை, அதாவது 350 லிட்டருக்கான பணத்தை, தொடாமல் தனியாக வையுங்கள். ஆறு வருட டீசல் வண்டி முதல் வருடத்தில் ஏதாவது ஒன்றைக் கேட்கும்.

டிரெய்லருக்கு, வண்டியின் அடையாளத் தகட்டைப் பாருங்கள். நான்கு எடைகள் வரிசையாக இருக்கும்: வண்டியின் மொத்த எடை, டிரெய்லரோடு சேர்ந்த மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழு பாரத்தோடு எவ்வளவு இழுக்கலாம் என்பது கிடைக்கும். பிரேக் உள்ள 1,200 கிலோ டிரெய்லர் பெரும்பாலான 2 லிட்டர் டீசல் வேகன்களுக்குச் சுமையே இல்லை. டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் முடியாது. கொக்கியின் மேல் அழுத்தும் எடைக்கும் வரம்பு உண்டு, அதையும் பாருங்கள்.

டிக்கி இடத்தில் உங்களுக்கு இழப்பே இருக்காது. ஸ்கோடா ஆக்டேவியா வேகனின் மூன்றாம் தலைமுறையில் 610 லிட்டர், ஃபோக்ஸ்வாகன் பஸாட் வேகனின் பி8 தலைமுறையில் 650 லிட்டர். தாழ்வாகத் தூக்கி வைக்கலாம் என்பது முதுகுக்கு இன்னும் நல்லது. உயரம்தான் உண்மையான இழப்பு. எஸ்யூவி-யில் தரையிலிருந்து 200 மி.மீ.-க்கு மேல் இருந்தது வேகனில் 140 பக்கம் வந்துவிடும். நாலு பேரும் சாமானும் ஏறினால் இன்னும் இறங்கும். எனவே ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். மனைவி, பிள்ளைகள், பின்னால் ஐம்பது கிலோ சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு, நீங்கள் தினமும் தாண்டும் வேகத்தடையிலும் வீட்டு வாசல் சரிவிலும் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். மனைவியை ஓட்டச் சொல்லி, நீங்கள் இறங்கி நின்று அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே தட்டினால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த வண்டியை விட்டுவிட்டு, பின் சஸ்பென்ஷன் தானாக உயரத்தைச் சரிசெய்யும் வேகனையோ, தொழிற்சாலையிலேயே சற்று உயர்த்திய வேகனையோ தேடுங்கள். ஸ்பிரிங்கை வெளியே கொடுத்து உயர்த்த வேண்டாம். டிரைவ் ஷாஃப்டின் கோணம் மாறி, மூட்டு சீக்கிரம் தேயும்.